மழைத் தண்ணீர் போன வழி

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து மலர் போடுகிறோம், உங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போன மலரைப் படித்தேன். ஆளாளுக்கு, தன்னைப் பிரம்பால் விளாசியவரைத் தெய்வமாக்கி எழுதியிருக்கிறீர்கள். அடி வாங்கியதில் இவ்வளவு பெருமையா என்று என் மருமகள் கேட்டாள். நான் எழுதப்போகும் டீச்சர் பிரம்பே வைத்துக்கொண்டதில்லை. அவருக்கு வரவிருந்த உயர்வை, எட்டு வயதில், வாயை மூடிக்கொண்டே நான் கெடுத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். மலருக்கு ஏற்காது என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

வெள்ளைக்காரர்கள் கண்டோன்மென்ட்டில், அதாவது எங்கள் பட்டாளத்து ஊரில், இருந்த காலம். முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காக்ஸ் டவுனில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சர்க்கார் தமிழ்ப் பெண்கள் பள்ளி நடந்தது. மங்களூர் ஓட்டுக் கூரை. கூடத்தை மூங்கில் தட்டி வைத்து மூன்றாகத் தடுத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் பாடும் பாட்டு மூன்றாம் வகுப்பில் கேட்கும். மூன்றாம் வகுப்பில் விழும் அடி ஒன்றாம் வகுப்பில் கேட்கும். நடுவில் இரண்டாம் வகுப்பு. அங்கேதான் நாங்கள் முப்பத்தியொரு பேர்.

எங்கள் டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்குக் கிழவியாகத் தெரிந்தார். கட்டம் போட்ட கைத்தறிப் புடவை, ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை, தோளில் துணிப்பை. சர்ச்சுக்குப் பின்னால் அண்ணன் குடும்பத்தோடு ஓர் அறையில் இருந்தார். பதினாறு வயதில் மானிட்டராக, அதாவது பெரிய டீச்சர் இல்லாத நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையாக, அதே பள்ளிக்குள் வந்தவர். அப்புறம் லோயர் கிரேட் சர்டிபிகேட். அதை வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தவரை அங்கேயே மறந்துவிட்டார்கள். ஹையர் கிரேட் வைத்திருந்தவர்கள் பக்கவாட்டில் வந்து தாண்டி மேலே போனார்கள். இவரும் வீட்டில் படித்துப் பரீட்சை எழுதினார்; இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினார். இதெல்லாம் எங்கள் அப்பா சொல்லித் தெரியும். அப்பா பள்ளிக்கூடங்களை நிர்வாகம் பண்ணும் ஆபீசில் கிளார்க். ஊரிலுள்ள அத்தனை டீச்சர்களின் ஜாதகமும் அவருடைய மேஜையில்தான் இருந்தது.

டீச்சருக்குத் திடீர் திடீரென்று யோசனை வரும். சிலேட்டை எச்சில் தொட்டு அழிக்கக் கூடாது என்று பெஞ்சுக்கு ஒரு தகர டப்பி வைத்தார். பட்டாளத்துக்காரர்கள் தூக்கிப்போட்ட பூட் பாலிஷ் டப்பி. உள்ளே ஈரத் துணி. எத்தனை கழுவினாலும் வாடை போகாது. எங்கள் சிலேட்டுகள், கைகள், மத்தியானம் சாப்பிடும் தயிர்ச்சோறு எல்லாம் பாலிஷ் வாடை அடித்தன. பலப்பம் தீர்ந்துவிட்டால் துணிப்பையிலிருந்து எடுத்துத் தருவார். அடுத்த நாள் அந்தப் பிள்ளை ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுதான் விலை. என்ன வாக்கியமானாலும் சரி. "எங்க வீட்டு ஆடு குட்டி போட்டுச்சு டீச்சர்" என்றால் போதும். குட்டி என்ன நிறம், எத்தனை மணிக்கு எழுந்து நின்றது என்று அரை மணி நேரம் பாடம் அதிலேயே ஓடும்.

வாக்கியமே சொல்லாத பெண் ஒருத்தி இருந்தாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஜீவனஹள்ளி அப்போது வெறும் தோட்டமும் குடிசையும்தான். அங்கே கீரை பயிரிடுகிறவரின் மகள். காலையில் அம்மாவோடு கீரைக் கூடை சுமந்து வீடு வீடாகப் போய்விட்டு, முதல் பாடம் முடியும்போது தலை நனைந்து வருவாள். அவர்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே சட்டியில் வெந்தன. வாயைத் திறந்தால் "நீரு", "தோட்டக்கு" என்று வரும், நாங்கள் சிரிப்போம். அதனால் அவள் வாயைத் திறப்பதில்லை. சிரித்ததில் நான்தான் முதல். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்த பிள்ளைகளுக்கு இந்தத் திமிர் உண்டு. முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவளாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. வகுப்பில் பூகோளப் பாடம். புத்தகத்தில் மலை, நதி, கடல் என்று வரிசையாக இருந்தது. டீச்சர் இரண்டு வரி வாசித்தார், ஜன்னலைப் பார்த்தார், புத்தகத்தை மூடினார்.

"வாசல்ல பெய்யுதே மழை, அந்தத் தண்ணி எங்க போவுது?" என்று கேட்டார்.

"மோரிக்கு டீச்சர்" என்றோம். தெருவோரச் சாக்கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"மோரியிலேருந்து?"

யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் ஜன்னல் வழியே மோரியை எட்டிப் பார்த்தார். "எனக்கும் தெரியாது. நாளைக்கு எல்லாரும் ஒரு கோணி எடுத்துக்கினு வாங்க, போய்ப் பாக்கலாம்" என்றார். தனக்குத் தெரியாது என்று ஒரு டீச்சர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிற்பாடும் அதிகம் கேட்டதில்லை, உங்கள் வாயிலிருந்தும் கூட.

மறுநாள் கோணிப்பையை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு முப்பத்தியொரு பேர் கிளம்பினோம். டீச்சர் கேட் பக்கத்தில் இருந்த காகிதப்பூவை ஒரு கை பறித்து மோரியில் போட்டார். பூ போகும் வழியில் நாங்கள் போக வேண்டும். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடியது. பன் கடை வாசலில் பூ கொஞ்சம் சுற்றி நின்றது. உள்ளேயிருந்து சூடான பன் வாசனை வந்து எங்களையும் நிறுத்தியது. கடைக்காரர் ஏதோ சாவு ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். அங்கேயிருந்து சர்ச்சுச் சுவரை ஒட்டிச் சரிவில் ஓட்டம். ரயில் பாதையில் கூட்ஸ் வண்டி போகும்வரை நனைந்துகொண்டே பெட்டிகளை எண்ணினோம். பாதைக்கு அடியில் கல் கட்டிய மோரி ஒன்று. பூ அதற்குள் நுழைந்து காணாமல் போனது. நாங்கள் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடினோம். கிழிந்துபோய் நாலைந்து பூக்கள் வெளியே வந்தன.

வந்தவை நேராக ஒரு கீரைத் தோட்டத்துக்குள் போயின. மண்வெட்டியோடு நின்றிருந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இது எங்க தோட்டம். அவரு எங்கப்பன்."

கடைசி பெஞ்சுப் பெண்தான். டீச்சர் குடையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். "அப்போ இங்கேருந்து நீதான் எங்களக் கூட்டினு போவணும். இது உன் எடம்" என்றார். அவள் முன்னால் நடந்தாள். வரப்பு எங்கே வழுக்கும், எந்த மடை எந்தப் பாத்திக்குப் போகும், மீதித் தண்ணீர் எப்படிக் கீழே இருக்கும் சின்ன ஏரிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். "நீரு" என்றுதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான், நாங்கள் அவள் பாதம் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது அவளுடைய அப்பா ஆளுக்கொரு முள்ளங்கி பிடுங்கிக் கொடுத்தார். மண்ணை மழையிலேயே கழுவிக் கடித்தேன். அந்தக் காரம் இப்போதும் நாக்கில் இருக்கிறது, பல்தான் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? பெரிய டீச்சர், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், தட்டிக்கு அந்தப் பக்கம் வைத்து எங்கள் டீச்சரைக் கேட்டது எங்கள் காதில் விழுந்தது. "புள்ளைங்கள சேத்துல நடத்தறதுக்கா சர்க்கார் இஸ்கூல் வச்சிருக்கு?" என் அம்மாவுக்கு என் தும்மல்தான் கவலை. அப்பா ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நல்லவங்கதான். ஆனா அடிக்கத் தெரியாது, அதட்டத் தெரியாது. இப்படி ஊர் சுத்திக்காட்டினா படிப்பு எங்கேருந்து வரும்?" அப்பா மோசமான மனிதர் இல்லை. ஆயிரம் டீச்சர்களைப் பற்றிக் காகிதத்தில் படித்தவர். ஒரு வகுப்புக்குள்ளும் எட்டிப் பார்த்தவர் இல்லை.

அதே அப்பாதான் தை மாதக் குளிரில் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்.

"இவ டீச்சருக்கு யோகம். டிரெயினிங் ஸ்கூல்ல ஒரு எடம் காலி. டீச்சராவறதுக்குப் படிக்க வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை. ஹையர் கிரேட் தேறிட்டாங்க இல்ல, இவங்க பேரும் லிஸ்ட்ல இருக்குது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வர்றாங்க. கிளாஸ் நல்லா பதில் சொல்லி, ரிப்போர்ட்டும் நல்லா எழுதிட்டாங்கன்னா அடுத்த மாசமே எடுத்துக்குவாங்க."

"அப்போ இந்த இஸ்கூலுக்கு வரமாட்டாங்களா?" என்றேன் நான்.

"எதுக்கு வருவாங்க? தப்பிச்சாங்கன்னு வச்சுக்க" என்றார் அப்பா.

அன்று நான் சாப்பிடவில்லை. பிள்ளைகள் எதையும் முழுதாகக் கேட்பதில்லை. கிளாஸ் நன்றாகப் பதில் சொன்னால் டீச்சர் போய்விடுவார். என் தலைக்குள் போனது அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்தார்கள். பக்கத்துப் பங்களாவிலிருந்து பூந்தொட்டிகள் இரவல் வந்தன. இன்னொரு வழக்கமும் இருந்தது; நாம் யாரும் மேடையில் சொல்லாத வழக்கம். மந்தமான பிள்ளைகளை அன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது. பெரிய டீச்சர் வகுப்பு வகுப்பாக வந்து ஆள் பொறுக்கினார். எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சைக் காட்டி, "இது வேணாம்" என்றார். பெண்ணைத்தான் "இது" என்றார்.

எங்கள் டீச்சர் எழுந்து நின்றார். "அவ வரட்டும் டீச்சர்."

"உனக்கு நல்ல காலம் வர்ற நேரம். கெடுத்துக்காத."

"முப்பத்தியொண்ணு பேருக்கும்தான் சொல்லிக்குடுத்தேன். முப்பதை மட்டும் காட்டறதுக்கு எனக்கு மனசு வரல" என்றார் டீச்சர். பெரிய டீச்சர், உன் இஷ்டம், அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அந்தப் பெண்ணை முதல் பெஞ்சுக்குக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தார். "அங்க எப்படி வழி காட்டினியோ அப்படியே சொல்லு, பயப்படாத" என்றார்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் காலையில், பிரேயருக்கு முன்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில் என் வகுப்பைக் கூட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் உடனே அழுதார்கள். யாரும் பதில் சொல்லக் கூடாது, சாமி சத்தியம், ஏசு சத்தியம், அல்லா சத்தியம் என்று அவரவர் சாமியில் அடித்துக்கொண்டோம். கீரைக்காரர் மகள் மட்டும் அங்கே இல்லை. அன்றைக்கும் கூடை சுமந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து வகிடெடுத்துச் சீவி, ஒரு துண்டு கனகாம்பரம் வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மதராஸ் பக்கத்துக்காரர். கடிகாரத்தைப் புடவைத் தலைப்பில் குத்தியிருந்தார். நல்ல மாதிரியான மனுஷிதான். டீச்சர் கரும்பலகையில் பள்ளிக்கூடம், பன் கடை, சர்ச், ரயில் பாதை எல்லாம் வரைந்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, பிள்ளைகளை நேரே அழைத்துப் போய்க் காட்டினீர்களா? எங்கே, பெண்களே, உங்கள் பள்ளிக்கூட வாசலில் பெய்கிற மழைத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டார்.

ஒரு சத்தம் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு இருமுவது கேட்டது.

டீச்சர் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா" என்றார். மறுபடி, "காகிதப்பூ போட்டமே" என்றார். மூன்றாம் தடவை சொல்லும்போது சிரிப்பு இல்லை. அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. எப்போதும் முதலில் கையைத் தூக்குகிறவள் நான்தானே.

"நீ சொல்லு கண்ணு."

எழுந்து நின்றேன். கரும்பலகையில் பன் கடைக்குக் கதவு கூட வரைந்திருந்தார். "தெரியாது டீச்சர்" என்றேன்.

உட்கார்ந்தபோது என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. ஒப்பந்தம் தெரியாத ஒரே பெண். வருஷம் முழுக்க வகுப்பில் ஒரு தடவை கூடக் கையைத் தூக்காதவள். காது உயரத்துக்கு வந்திருக்கும். நான் பாவாடை மறைவில் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். பலமாகவே இழுத்தேன். கை இறங்கியது. அவள் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஏதோ எழுதினார். "புதுசா ஆளைப் பார்த்ததும் பயந்துட்டாங்க, பாவம்" என்றார் டீச்சர், எங்களுக்காக. அந்த அம்மா போன பிறகு கரும்பலகையை மெதுவாக, ஓரத்திலிருந்து ஆரம்பித்து அழித்தார். அப்புறம் துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இன்ஸ்பெக்‌ஷன் நன்றாக முடிந்தால் கொடுக்க வாங்கி வைத்த ஆரஞ்சு மிட்டாய். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். நாங்கள் ஜெயித்த சந்தோஷத்தில் தின்றோம்.

டிரெயினிங் ஸ்கூல் இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். "அந்த வகுப்புப் பிள்ளைங்க மந்தம்னு ஒரே வரியில எழுதிட்டாங்க" என்று அப்பா உச்சுக்கொட்டினார். "மழையில சுத்தினதுக்குப் பலன்." டீச்சர் எங்களுக்கே என்று ஆனதில் எனக்கு அப்போது பெருமைதான். அடுத்த வருஷம் நாங்கள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவோம் என்பது எங்கள் கெட்டிக்காரத்தனத்துக்கு எட்டாமல் போன விஷயம். அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் புத்தகத்திலிருந்து மலை, நதி, கடல் என்று வரிசையாக வாசிப்பது கேட்டது. யாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. கீரைக்காரர் மகள் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள்.

நாற்பதுகளின் கடைசியில், வெள்ளைக்காரர்கள் போன பிற்பாடு, நானும் சர்டிபிகேட் வாங்கி உதவி ஆசிரியையானேன். முதல் போஸ்டிங் அதே பள்ளி, மூன்றாம் வகுப்பு. தட்டி மாறியிருந்தது, டீச்சர் மாறவில்லை. அதே இரண்டாம் வகுப்பு. தலை மட்டும் நரைத்திருந்தது. இருபத்தோரு வயதில் நான் அவருக்கு மேல் வகுப்பில். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் புள்ள டீச்சராயிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் சொல்லிவிடத் தைரியம் வரவில்லை. ஒரு வேலை உயர்வு போயிற்று, அவ்வளவுதானே, மறந்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாசம் போயிருக்கும். பள்ளி விட்ட பிறகு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் கிளாஸ தட்டி வழியா கேட்டுக்கினுதான் இருக்கேன். புள்ளைங்க உன்கிட்ட நல்லா பேசறாங்க. அத விட்டுடாத" என்றார். "எங்கிட்ட என்னமோ ஒரு கொறை இருக்குது. மொகமோ, கொரலோ, தெரியல. புள்ளைங்க பயப்படுதுங்க."

"உங்களைப் பார்த்தா? யாரு டீச்சர் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். உங்க வருஷத்து இன்ஸ்பெக்‌ஷன் நெனப்பிருக்குதா? அந்தக் கீரைக்காரர் பொண்ணு கையத் தூக்குச்சு. என் மொகத்தப் பாத்துட்டு எறக்கிடுச்சு. ஒரு வருஷமா அவள பேசவைக்கப் பாடுபட்டேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். என்னப் பாத்தே பயந்துட்டா." அவர் புடவைத் தலைப்பை மடியில் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "அப்புறம் ரெண்டு தடவ டிரெயினிங் ஸ்கூலுக்குக் கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். எட்டு வயசுப் புள்ளைய பேசவைக்கத் தெரியாதவ, டீச்சராகப் போறவங்களுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கறது?"

திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தேன். பதிமூன்று வருஷம் இந்த மனுஷி தன்னைத்தானே பெயில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்னது, மரத்தடிச் சத்தியம், நான் சொன்ன "தெரியாது", பாவாடை மறைவில் இழுத்த கை. வரிசையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். திட்டுவார், அல்லது மன்னித்துவிட்டேன் என்று தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

"அப்போ பதில் உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார்.

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

"அவளுக்கு?"

"அவதான் டீச்சர் சொல்ல வந்தா."

மடித்த தலைப்பை உதறிவிட்டு எழுந்தார். "அவ இப்ப எங்க இருக்கா?"

ஜீவனஹள்ளியில்தான் இருந்தாள். சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்து, அதே தோட்டத்தில் குடித்தனம். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே போனேன். இதற்குப் பிறகு அவருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை, வயது தாண்டிவிட்டது, இரண்டாம் வகுப்பிலிருந்தே ஓய்வு பெற்றார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேறு மாதிரி முடியும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

சாயங்கால வெயிலில் அவள் பாத்தியில் குனிந்து கீரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய புடவை, பக்கத்தில் மூன்று பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சரம்மா, இஷ்டு தூரம் நடந்தேவா வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள். உட்கார இடம் தேடினாள். டீச்சர் உட்காரவில்லை.

"உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றார். "இஸ்கூல் வாசல்ல பெய்யற மழைத் தண்ணி எங்க போவுது?"

அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்புறம் அவள், இரண்டு முழங்கை வரைக்கும் சேறாக இருந்தவள், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். டீச்சர் தலையசைத்தார்.

"மோரியில எறங்கி, பன் கடை தாண்டி, சர்ச்சு சுவரோரமா வந்து, ரயிலு கல்மோரியில நுழையும். அப்புறம் நம்ம தோட்டக்கு வரும். பாதி இங்கியே நின்னுக்கும், மீதி நீரு ஏரிக்குப் போவும். ஏரி ரொம்பிட்டா கெழக்கால கோடி விழுந்து வெளிய வழியும். அங்கேருந்து ஓடையாட்டம் போயி ரெண்டு ஊரு தாண்டி இன்னொரு ஏரி, இதவிட தொட்டது, ரொம்ப பெருசு, அதுல சேரும் டீச்சரம்மா."

"ஏரி வரைக்கும்தானே நான் காட்டினேன்?" என்றார் டீச்சர். "மிச்சத்த யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. இஸ்கூல விட்ட வருசம் மழ வந்திச்சு. பூவு போட்டுட்டு நானே பின்னால போய்ப் பாத்தேன். போன வருசம் புள்ளைங்களயும் கூட்டினு போனேன்."

டீச்சர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டுவிட்டார்.

"சரி" என்றார். "ரொம்ப சரி. உட்காரு."

அவள் அந்த ஈர வரப்பிலேயே, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.